பிடித்தோலுக்கு அடியில்

துருவைத் தேய்த்து எடுக்க யாராலும் முடியும். எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் வேலை. பழைய கோல்ஃப் மட்டையின் இரும்புத் தலையைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால், செய்தவன் அதில் குத்தி வைத்த முத்திரை மழுங்கிப்போகும். புது எவர்சில்வர் கரண்டி மாதிரிப் பளபளக்கும், மதிப்பு போய்விடும். எண்ணெயில் நனைத்த மெல்லிய இரும்புப் பஞ்சை வைத்து வட்டமாக, அவசரமில்லாமல் தேய்க்க வேண்டும். செம்மண் நிறம் போய்ப் பழுப்பு தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். நிறுத்துவது எனக்கு எப்போதும் கஷ்டம். வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேதியியல். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதி வாங்கிய பட்டம். இப்போது அந்தத் துருவைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். "படிச்ச படிப்புக்கு இதுவாம்மா வேலை?" என்று கேட்பவர்களிடம், "நீங்க ஒண்ணு போட்டுக் குடுங்க, இதை விட்டுடறேன்" என்பேன். அதோடு போய்விடுவார்கள்.

பட்டறை அக்காவுடையது; கூடப் பிறந்தவள் இல்லை, முதலாளி. கோல்ஃப் மைதானத்தின் பின்சுவரை ஒட்டிய சந்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. சுவருக்கு அந்தப் பக்கம் புல்வெளி. பந்து அடிபடும் 'டக்' சத்தம் மட்டும் இந்தப் பக்கம் வரும். மேசைமேல் ஆளிவிதை எண்ணெய், மெழுகு தடவிய நூல், தோல் பட்டைகள், மரத்தண்டுகளைச் சாய்த்து வைக்க ஒரு சட்டம். அக்காவுக்கு வாய் பெரிசு, மனசும் பெரிசு. ஆனால் மனசை வெளியே காட்டுவது அவமானம் என்று நினைப்பவள்.

டாக்டர் மகன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தோலால் செய்த, வாய் கிழிந்த பழைய கோல்ஃப் பை. உள்ளே மரத்தண்டு மட்டைகள். அந்த மைதானத்தின் கிளப்பில் ஆயுசு முழுக்க விளையாடிய டாக்டர், போன வருடம் காலமானார். கிளப்புக்கு நூறு வயது ஆகப்போகிறது. முன்கூடத்தில் கண்ணாடி அலமாரி வைத்து டாக்டரின் மட்டைகளை அதில் அடுக்கப்போகிறார்களாம்.

"எல்லாம் எங்க தாத்தா அப்பாவுக்குக் குடுத்தது" என்றான் டாக்டர் மகன். "மத்ததெல்லாம் சும்மா அழகுக்கு. இந்தப் புட்டர் மட்டும் அப்பா கடைசி வரைக்கும் விளையாடினாரு. கையை விட்டுக் கீழ வைக்க மாட்டாரு. இது பளிச்சுன்னு இருக்கணும்."

"பளிச்சுன்னு வேணும்னா பாத்திரக் கடைக்குப் போங்க தம்பி. இங்க சுத்தமா இருக்கும்" என்றாள் அக்கா.

டாக்டர் யாரென்று தெரிந்ததுமே என் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அக்கா அதைப் பார்த்தாள். அவன் போகும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புட்டர் என்பது பந்தை மெல்ல உருட்டிக் குழிக்குள் தள்ளுகிற மட்டை. எங்கள் தெருவில் அது என் அப்பாவின் பெயர்.

அப்பா அந்த மைதானத்தில் கேடியாக இருந்தார். விளையாடுகிறவருக்குப் பை தூக்குகிற ஆள். கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் வேறு அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கு இரண்டு அர்த்தமும் வாய்த்தது. அவர் டாக்டரின் ஆள். டாக்டரின் பையை வேறு யாரும் தொட மாட்டார்கள். ஒருநாள் அந்தப் பையிலிருந்து புட்டர் காணாமல்போனது. பழைய சாமான், வெளியே விற்றால் நல்ல விலை போகும், யார் கைக்கு எட்டும், பை தூக்குகிறவன் கைக்குத்தான் எட்டும். கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்தது.

கேடி மாஸ்டர் இரண்டு காவல்காரர்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கேடிகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர். தெரு பார்க்க, அம்மாவின் பெட்டியைக் கவிழ்த்தார்கள். படுக்கையை உதறினார்கள். என் பள்ளிக்கூடப் பையையும் கொட்டினார்கள். அத்தனை நீள மட்டை ஒரு சின்னப் பிள்ளையின் பைக்குள் எப்படி இருக்கும் என்று அப்போதே கேட்டேன். "வாயைப் பாரு, அப்பன் மாதிரியே" என்றார் கேடி மாஸ்டர். அப்பாவுக்கு அப்படி ஒரு வாய் கிடையவே கிடையாது.

புட்டர் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு வேலை போனது. அன்றிலிருந்து அவர் ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கிறார். பை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியிருக்கிறதே, அது மட்டும் பழைய வேலையிலிருந்து மிச்சம். அப்புறம் பெயர். "புட்டர் வர்றாரு, பூட்டைப் போடு!" என்று பிள்ளைகள் கத்தும். பிள்ளைகள் வளர்ந்து பெரிய ஆளான பின்பும் "என்ன புட்டர், சாப்பிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். அதில் கிண்டல்கூடத் தேய்ந்துபோய்விட்டது. அதுதான் எனக்குத் தாங்காது. அப்பா அதற்கெல்லாம் திரும்பிப் பார்த்து, "ஆச்சு ஆச்சு" என்பார்.

நான் இந்தச் சந்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருநாள்கூட இந்தச் சந்துக்குள் காலை வைத்ததில்லை.

முதலில் இரும்பு மட்டைகளை எல்லாம் முடித்தேன். தண்டுகளைத் துடைத்து எண்ணெய் ஏற்றினேன். புட்டரை மேசையின் ஓரத்தில் தள்ளித் தள்ளி வைத்தேன். டாக்டர் வேறு ஒன்று வாங்கியிருப்பார், உலகத்தில் ஒரே ஒரு புட்டரா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 'தாத்தா கொடுத்தது, கடைசிவரை விளையாடினார்' என்று மகன் சொன்னது காதில் இருந்தது. இருந்தும் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அது ஒன்றுதான் பாக்கி. தலையில் ஆழமாக ஒரு பழைய கீறல். பிடியின் தோல் கறுத்து, கட்டைவிரல் படும் இடத்தில் வழுக்கலாகத் தேய்ந்திருந்தது. உச்சியில் இருந்த சின்ன ஆணியைக் கிளப்பினேன். தோல் பட்டையைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். இந்தப் பிடிகளில் தோலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு துணி நாடா சுற்றியிருக்கும். பிடி கைக்குப் பருமனாகவும் மெத்தென்றும் இருப்பதற்காக. வழக்கமாகச் சாம்பல் நிறக் கம்பளித் துணி.

இதில் பச்சையும் பழுப்பும் கட்டம் போட்ட பருத்தித் துணி. ஓரத்தில் சிவப்பு நூலில் கோணல்மாணலாக ஒரு தையல்.

அது என் பள்ளிக்கூடப் பையின் துணி. அம்மா தைத்த பை. பச்சை நூல் தீர்ந்துபோய்ப் பாதியிலிருந்து சிவப்பு நூல் போட்டாள். வகுப்பில் அதற்கும் சிரித்தார்கள். அந்தப் பை இன்னமும் எங்கள் சமையலறைக் கதவில் தொங்குகிறது, துணி மாட்டும் கிளிப்புகளோடு. மிச்சத் துணியில் ஒரு நாடாவைக் கிழித்து, டாக்டரின் புட்டருக்குப் பிடி சுற்றியதாக அப்பா ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்த பழைய துணி இற்றுப்போய், டாக்டரின் பெரிய கைக்குள் பிடி சுழன்றதாம். அது காணாமல்போவதற்குக் கொஞ்சநாள் முன்பு.

தோலை முழுதும் பிரிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னடி, பாம்பைப் பார்த்த மாதிரி?" என்று அக்கா வந்தாள். சொன்னேன். அக்கா துணியைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "உங்கம்மாவுக்கு நேராத் தைக்கவே வராதா?" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவனுக்குப் போனைப் போடு" என்றாள்.

போட்டேன். "சார், இந்தப் புட்டர் எப்பவாவது காணாமப் போச்சா?"

டாக்டர் மகன் சிரித்தான். நிஜமான, சந்தோஷமான சிரிப்பு. "அட, உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்ல அது பெரிய ஜோக். ஊரெல்லாம் தேடி ரகளை பண்ணிட்டாரு அப்பா. கடைசியில கார் டிக்கியில ஸ்டெப்னி டயருக்கு அடியில கிடந்துச்சு. அவரே வச்சிட்டு மறந்திருக்காரு. அவ்வளவு சத்தம் போட்டுட்டு இப்ப எப்படிப் போய்ச் சொல்றதுன்னு வெட்கம். அதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டேன்னு கிளப்புல சொல்லிட்டாரு. அம்மா சாப்பாட்டு மேசையில அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க."

"ஒரு கேடிக்கு வேலை போச்சே."

"ஆமா, யாரோ ஒருத்தர். பாவம்."

"அந்த யாரோ ஒருத்தர் எங்கப்பா."

எதிர்முனையில் தொண்டையைச் செருமினான். "சாரிம்மா. ரொம்பப் பழைய விஷயம். அப்பாவும் இல்ல இப்ப. இதைப் பேசி என்ன ஆகப்போகுது சொல்லுங்க… வேலை என்னிக்கு முடியும்?"

நான் போனை வைத்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு எல்லாம் ரொம்பத் தெளிவாகிவிடும். மிச்சத் தோலையும் பிரித்துச் சுருட்டி கோல்ஃப் பையில் போட்டேன். துணி வெளியே தெரிகிற புட்டரை ஒரு சாக்கில் சுற்றினேன். அக்கா வாசலில் யாரோடோ விலை பேசிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொள்ளாமல் பின்பக்கமாகக் கிளம்பினேன். மனதில் ஒரே ஒரு படம்தான் ஓடியது. அப்பா இதைப் பார்ப்பார். அவ்வளவு வருடமும் அவர் முகத்தில் உட்கார்ந்திருந்த அது, என்னவென்று பெயர் சொல்லத் தெரியவில்லை, அது எழுந்து போய்விடும்.

வெயில் இறங்கவில்லை. அப்பா அப்போதுதான் சலவைக் கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சாக்கைப் பிரித்துப் புட்டரை அறை நடுவில் நீட்டினேன்.

"அப்பா, கிடைச்சிடுச்சு. இதோ பாருங்க. அவன் கார்லயேதான் இருந்திருக்கு."

அப்பா பார்த்தார். பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சுவர்வரை பின்னால் போனார். அம்மா எழுந்து ஓடி வாசல் கதவைச் சாத்தினாள், அப்புறம் ஜன்னலை. "யாராவது பார்த்தாங்களாடி? வர்ற வழியில யாராவது பார்த்தாங்களா?"

"அம்மா! நம்மகிட்ட என்ன தப்பு இருக்கு? எதுக்குக் கதவைச் சாத்தற?"

"யாரைக் கேட்டு இதைக் கொண்டு வந்த?" என்றார் அப்பா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை, வறண்டிருந்தது.

"காட்டத்தான்…"

"கேட்டுட்டுக் கொண்டு வந்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அன்னிக்கு வந்து வீட்டையே கவிழ்த்தாங்க. கிடைக்கல. ஏன்னா இது இந்த வீட்டுக்குள்ள ஒருநாளும் வந்ததில்ல." நின்று மூச்சு வாங்கினார். "எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்மா. யாரு என்ன சொன்னாலும், இந்த வாசப்படியை அது தாண்டினதில்லன்னு எனக்குத் தெரியும். அதை வச்சுத்தான் படுத்துத் தூங்கினேன். இன்னிக்கு நீ தூக்கிட்டு வந்துட்ட."

எனக்கு அப்போதுதான் என் கையில் இருப்பது என்னவென்று தெரிந்தது. அடுத்தவர் சாமான். கேட்காமல் எடுத்தது. சாக்கில் மறைத்துக் கொண்டுவந்தது. இத்தனை வருடம் அப்பாமேல் அவர்கள் சொன்னதை, அவர் மகள் அச்சுப் பிசகாமல் செய்து முடித்திருக்கிறேன். படித்த பெண்.

அம்மாதான் கிட்டே வந்தாள். துணியைப் பார்த்தாள். சிவப்புத் தையலை விரல் நுனியால் தொட்டாள். "என் தையல்தான்" என்றாள். "பச்சை நூல் தீர்ந்துபோச்சு, ஞாபகம் இருக்கா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். சமையலறைக் கதவில் தொங்கிய பையை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். கிளிப்புகள் கலகலவென்று கொட்டின. பையில் நிறம் வெளுத்திருந்தது. தோலுக்கு அடியில் வெளிச்சம் படாமல் கிடந்த நாடாதான் புதுசு மாதிரி இருந்தது.

அப்பா கையை எடுக்காமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"அவரு கடைசி வரைக்கும் இதைத்தான் வச்சு விளையாடினாரா?"

"ஆமாப்பா."

"பிடியை மாத்தவே இல்ல."

"இல்ல."

"கைக்குச் சரியா அமைஞ்சிருக்கும்" என்றார் அப்பா. "அதான் மாத்தல." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் ஆடின. இறங்கிய தோள் ஒருவிதமாக, மற்றது ஒருவிதமாக. அம்மா அவர் பக்கம் போகவில்லை. என்னையும் போகவிடவில்லை.

கொஞ்சம் கழித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "கிளம்பு. இது இங்க ஒரு நிமிஷம் இருக்கக்கூடாது."

நான் சாக்கை எடுத்தேன்.

"சாக்கு வேண்டாம். மூடி எடுத்துட்டுப் போனாத்தான் திருட்டு. குடு இப்படி."

அப்போதுதான் அதைக் கையில் வாங்கினார். துணிமேல் கை வைக்கவில்லை. தண்டின் நடுவில், தலைப்பக்கம் கீழே இருக்கும்படி, கேடிகள் பிடிப்பதுபோலப் பிடித்தார். கதவைத் திறந்து தெருவில் இறங்கினார்.

என் போன் அடித்தது. அக்கா. "ஏன்டி, புட்டர் எங்க? அந்தத் தம்பி நாலுதரம் கூப்பிட்டுட்டான்."

"அக்கா… நான்தான் எடுத்துட்டு வந்தேன். தப்புதான். இப்ப அப்பா கொண்டு வர்றாரு."

"அறிவு கெட்டவளே" என்றாள். அப்புறம், "துணியில வியர்வை படாமப் பார்த்துக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

தெரு முனையில் பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு எதையும் விட்டுவைக்கத் தெரியாது. "அடேங்கப்பா! கடைசியில வெளிய எடுத்துட்டீங்களா புட்டர்? எந்தக் குழியில புதைச்சு வச்சிருந்தீங்க?" கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் நின்றேன். கடைப் பக்கம் திரும்பினேன்.

"நட" என்றார் அப்பா.

"அப்பா, அவரு என்ன சொல்றாருன்னு…"

"இவர்கிட்ட இல்ல. நட."

பட்டறைச் சந்துக்குள் திரும்புவார் என்று நினைத்தேன். தாண்டிப் போனார். மைதானத்தின் பக்கவாசலில் கேடிகள் காத்திருக்கும் கொட்டகை இருக்கிறது. மரப்பெஞ்சுகள், ஒரு தண்ணீர்ப் பானை, கேடி மாஸ்டருக்குக் கைவைத்த ஒரு நாற்காலி. அதே மாஸ்டர்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது. கடைசி ஆட்டம் முடிந்து திரும்பிய கேடிகள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவையும் கையில் இருப்பதையும் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்பா உள்ளே போய்ப் புட்டரைப் பெஞ்சின்மேல் வைத்தார். பிடிப்பக்கம் மாஸ்டரைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்தார்.

"டாக்டரோட புட்டர்" என்றார். "அவர் வீட்டு மட்டை எல்லாம் சுத்தம் பண்ண வந்திருக்கு. இதுவும் வந்துச்சு."

"அவரு இன்னொண்ணு வாங்கினாரே, அதுதானே இது?" என்றார் மாஸ்டர்.

"துணியைப் பாருங்க."

மாஸ்டர் பார்த்தார். அப்பா அந்த நாடாவைச் சுற்றியதும் இதே பெஞ்சில்தானாம். ஒரு முனையை மாஸ்டர்தான் பிடித்துக்கொண்டிருந்தாராம். இது எனக்கு அப்போது தெரியாது, அவர் முகம் போன போக்கு மட்டும் தெரிந்தது.

நான் முன்னால் போனேன். இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. "கார் டிக்கியில கிடந்துச்சாம். டாக்டர் மகனே சொன்னாரு. இன்னொண்ணு வாங்கினதா டாக்டர் உங்ககிட்ட பொய் சொன்னாராம். சரி, அவரு பொய் சொன்னாரு. அதுக்கப்புறம் அந்தப் பையை யாரு தூக்கினா? இங்க இருக்கறவங்கதானே? தினம் கையில எடுத்துக் குடுத்தவங்களுக்குப் பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியாதா? தலையில இருக்கற அதே கீறல் தெரியாதா?"

ஒருத்தர் காலை மடக்கிக்கொண்டார்.

மாஸ்டர்தான் பேசினார், என்னைப் பார்க்காமல், அப்பாவையும் பார்க்காமல். "இன்னொண்ணுன்னு அவரு சொன்னாரு. நாங்க கேக்கல."

"கேக்கல" என்றார் அப்பா.

"கேட்டிருந்தா எங்களுக்கும்…"

"தெரியும்."

அவ்வளவுதான் பேசினார். நான் அவரிடம் எதிர்பார்த்தது இது இல்லை. அந்த நாற்காலியை எட்டி உதைப்பார் என்றுகூட வரும் வழியில் நினைத்திருந்தேன். அப்பா புட்டரைத் திரும்ப எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பட்டறைக்குக் கொண்டுபோய் வை. தோலைத் திரும்பச் சுத்தும்போது துணியை மாத்திடாத. நல்லாத்தான் இருக்கு."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப்போறாங்கப்பா. மேல அவர் பேரு போடுவாங்க."

"போடட்டும். உள்ள இருக்கறது இருக்கட்டும்."

அது எனக்குச் சம்மதமில்லை. இப்போதும் இல்லை. தோலைச் சுற்ற மாட்டேன், துணி தெரிய அப்படியே வை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார் என்று டாக்டர் மகனிடம் சொல்லப்போகிறேன். அக்கா என்னைத் திட்டுவாள், பிறகு என் பக்கம் நிற்பாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் அப்பாவோடு வாதாடவில்லை. நிறுத்திக்கொண்டேன்.

கொட்டகையை விட்டு வெளியே வந்தோம். புல்வெளியில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்திருந்தார்கள். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாஸ்டர் எழுந்து நிற்கிறார்.

அவர் அப்பாவைக் கூப்பிட்டார். புட்டர் என்று இல்லை. பேர் சொல்லி.

அப்பா திரும்பவில்லை. நடந்துகொண்டே இருந்தார். மாஸ்டர் இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். அப்பா அப்போதும் நிற்கவில்லை. கோபமோ என்று முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, அந்த ஆளுக்கு வழிவிட ஒதுங்கி நடந்தார்.

நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அப்பா" என்றேன். "உங்களைத்தான்."